முதலெழுத்து

ஸ்ரான்லி வீதி. கண்ணாடிக்கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை, இரண்டு காற்றாடி,
அதில் ஒன்று சுற்றாது.
படகு நேரம் சொல்லும் செயலி ஒன்றைக்
கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறேன்
நாலு நாளாய்.

முழுப் பக்கத்தையும் விழுங்கிப் பழகியது அது.
தலைப்பும் தனது, அடிவரியும் தனது.
இப்ப மூன்று இடத்தில் கேட்கிறார்கள்:
நெடுந்தீவுப் பள்ளிக்கூடம், தன் பக்கத்தின் ஒரு மூலையில்;
மீனவர் சங்கம், நண்டு விலைக்குக் கீழே;
கொழும்புத்துறை விடுதி ஒன்று,
குளியலறைப் படங்களுக்கு நடுவில்.
"மூண்டு தரம் எழுதப் போறியோ?" என்றான் றெனோல்ட்.
இல்லை. ஒருதரம் எழுதி
ஒற்றைக் குறிச்சொல்லாய்ச் சுருட்டுவன்.
வைத்த இடத்தில் விரியட்டும்.

சொல்லிவிட்டேன்.
சங்கத்தின் பக்கம்
எந்தப் பட்டனைக் கண்டாலும் ஊதா பூசும்.
விடுதிக்கு எல்லா எழுத்தும் சாய்ந்திருக்க வேணும்.
ஆகவே உள்ளே ஒரு நிழல் மரம் நட்டேன்;
வெளிப்பூச்சு அதன் வேலி தாண்டாது.
தாண்டாது என்றுதான் நினைத்தேன்.
நிறமும் எழுத்துருவும்
கேட்டுக்கேள்வி இல்லாமல் இறங்கி வந்தன
முதுசக் காணி மாதிரி.
வரட்டும் என்று விட்டேன்.
போன வீட்டுச் சாயல் கொஞ்சம் ஒட்டினால் குற்றமா?

பெயர் வைக்கையில்தான் இடறியது.
நடுவில் ஒரு சின்னக் கோடு வேணும், சரி.
மிச்சத்தைத் தமிழில் எழுதலாம், பிரவுசர் மறுக்காது.
முதலெழுத்து மட்டும்
ஆங்கிலத்தின் சிறிய எழுத்தாய் இருக்க வேணும்.
'படகு-நேரம்' என்று நேரே எழுதிப் பார்த்தேன்:
விரியவில்லை. திரையில்
வெறும் சொல்லாய் விழுந்து கிடந்தது.

அப்பாவின் பெயரில் ஒரு துண்டு வெட்டி
என் பெயருக்கு முன்னால் நிறுத்தியவர்களிடம்
இருபத்தொன்பது வருஷமாய்க் கேட்காததை
இந்தப் பிரவுசரிடம் கேட்டேன், வாய்விட்டு.
றெனோல்ட் திரும்பிப் பார்த்தான்.
அம்மாவின் பெயர் கமலாசனி.
சின்னதாய் ஒரு 'கே' போட்டேன்.
குறிகட்டுவானுக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான்.
நான் திருத்தவில்லை.

வெள்ளி விடிய, சோளகம் கிளம்பிவிட்டது.
ஐந்தே காலுக்கு அறிவிப்பு வந்தது: காலைப் படகு இல்லை.
என் கூறு அதை வாசித்தது,
பட்டனை மங்கலாக்கியது,
"ஓடாது" என்று கத்தியும் விட்டது.
கத்தல் நிழலின் ஓரம் வரை வந்து நின்றது.
அதைத் தாண்டலாம் என்று ஒரேயொரு 'ஆம்'
நான் எழுத மறந்திருந்தேன்.
பள்ளிக்கூடப் பக்கம் ஒன்றும் கேளாமல்
உச்சியில் தன் பச்சைப் புள்ளியோடு இருந்தது.
ஜெனிற்றா ரீச்சர் அந்தப் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு
முதல் பஸ்ஸில் ஜெற்றிக்குப் போயிருந்தா,
பையில் நாற்பத்திரண்டு விடைத்தாளோடு.

போன் எடுத்தா. கோபம் இல்லை.
பின்னால் காற்றும் கதைத்ததால்
பாதிதான் விளங்கியது:
"உள்ளுக்குச் சரியாத்தான் போட்டிருக்கு, பிள்ளை.
வெளியில ஆருக்கும் சொல்லேல்லை."

ஒரு வரி. ஏழு பத்துக்குத் திருத்தியாயிற்று.
ரீச்சர் அடுத்த பஸ்ஸுக்கு நின்ற
ஒன்றரை மணித்தியாலத்துக்குத் திருத்தம் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது.
விடுதிக்காரர் போன மாதமே அதைக் கழற்றிவிட்டார்.
கழற்றிய பிறகும், பக்கம் திறந்திருக்கும் வரை,
அரை நிமிஷத்துக்கு ஒருக்கா
அது சேர்வரிடம் நேரம் கேட்டபடி இருக்கிறது,
காட்ட ஒரு இடமும் இல்லாமல்.
போகும்போது கடிகாரத்தை நிறுத்து என்று
அதற்கும் நான் சொல்லவில்லை.
திங்கள் செய்வேன்.

நேற்றுப் பதிவேட்டில் நாலாவது முகவரி ஒன்று.
ஊர்காவற்றுறையில் ஒரு தேத்தண்ணிக் கடை.
எங்களைக் கேட்காமல்
பள்ளிக்கூடப் பக்கத்தில் இருந்து பிரதி எடுத்திருக்கிறார்கள்.
திறந்து பார்த்தேன். றோல்ஸ், வடை, பிளேன்ரீ,
அதன்கீழ் படகு நேரம், சரியாக,
கடையின் சிவப்பு எழுத்தில்.
உள்ளே குறிச்சொல்லில், முன்னால், அந்தச் சின்னக் 'கே'.

அம்மா ஒருநாளும் ஊர்காவற்றுறைக்குப் போனதில்லை.